சின்னமுத்தை ஆராய்ந்த பீற்றர் பானும் (1820 – 1885)

மாணவர்களே, 2020 மார்ச் மாதத்தில் கொவிட்-19 காரணமாக நாட்டின் ஏனைய பாடசாலைகளைப் போலவே மாத்தளை மாவட்டப் பாடசாலைகளும் மூடப்பட்டமையை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் ஒன்றுகூடாத காலத்தில், அவர்களிடையே வழமையாகப் பரவும் நோய்களுக்கு என்ன நேரும்? இதனை விளங்கிக்கொள்ள உதவும் ஆய்வை 1846 இலேயே செய்தவர் பீற்றர் லுட்விக் பானும் என்னும் வைத்தியர்.

இவர் 1820 டிசெம்பர் 19 ஆம் திகதி டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் பிறந்தார். 1845 இல் கொப்பன்ஹேகனில் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அரசாங்கம் இவரையும் மானிக்கஸ் என்னும் வைத்தியரையும் வட அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள பரோ தீவுகளுக்கு அனுப்பியது.

அத்தீவுகளில் ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்தனர். 1781 இன் பின்னர் 65 ஆண்டுகளாக அங்கு சின்னமுத்து தோன்றவில்லை. 1846 மார்ச் இறுதியில் கொப்பன்ஹேகனிலிருந்து வந்த தச்சர் ஒருவருடன் அந்நோய் மீண்டும் நுழைந்தது. சில மாதங்களில் 6,000 இற்கும் அதிகமானோர் நோயுற்றனர். பிற நாடுகளில் பிள்ளைகளின் நோயாக இருந்த சின்னமுத்து, இங்கு பெரியவர்களையும் படுக்கையில் வீழ்த்தியது.

பானும் கிராமம் கிராமமாகச் சென்று, யார் எப்போது யாரைச் சந்தித்தார், எப்போது நோயுற்றார் என விசாரித்துக் குறித்துக்கொண்டார். அவர் கண்டறிந்தவை வருமாறு:

1. தொற்று ஏற்பட்டு 13 அல்லது 14 நாட்களில் தோலில் தடிப்புகள் தோன்றும்.
2. 1781 இல் நோயுற்றுப் பிழைத்த முதியோர் எவருக்கும் நோய் மீண்டும் வரவில்லை. அன்று தப்பிய முதியோருக்கோ இப்போது வந்தது. எனவே காப்பளித்தது வயதன்று, முன்னைய தொற்றே.
3. வெளியார் வரவைத் தடுத்த கிராமங்கள் நோயிலிருந்து தப்பின.

லக்கல மலைப்பகுதியில் ஒதுக்குப்புறமான ஒரு கிராமத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பாதை மூடப்பட்டால் நோய் வராது. ஆனால் அக்காலத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்நோய்க்கான நிர்ப்பீடனமும் உண்டாகாது. பாதை திறந்ததும் நோய் வந்தால் பலர் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுவர்.

கொவிட் காலத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. குழந்தைகளின் சுவாசத்தைப் பாதிக்கும் ஆர்.எஸ்.வி. வைரசு அவுஸ்திரேலியாவில் வழமையாகக் குளிர்காலத்தில் பரவும். 2020 குளிர்காலத்தில் அது ஏறக்குறைய மறைந்து, ஆண்டிறுதியில் கோடையில் பெருகியது. வழமையைவிட வயது கூடிய பிள்ளைகளும் பாதிக்கப்பட்டனர். எனினும் இவ்வைரசுக்கு எதிரான நிர்ப்பீடனம், சின்னமுத்துக்கு எதிரானதைப் போல வாழ்நாள் முழுவதும் நிலைப்பதில்லை.

அப்படியாயின் வீட்டில் இருந்தது தவறா? அன்று. அது உயிர்களைக் காத்தது. ஆனால் தனிமைப்படுத்தல் நோயைத் தள்ளிப்போடும், நிர்ப்பீடனத்தைத் தராது. பானும் காலத்தில் சின்னமுத்துக்குத் தடுப்பூசி இல்லை. இன்று எமது நாட்டில் 9 மாதத்திலும் 3 வயதிலும் அது வழங்கப்படுகின்றது. 2019 இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2023 இல் நோய் மீண்டும் தலைதூக்கியது. உங்கள் தம்பி தங்கையரின் தடுப்பூசி தவறியிருந்தால் பெற்றோருக்கு நினைவூட்டுங்கள்.

பானும் பிற்காலத்தில் கீல், கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகங்களில் உடற்றொழிலியல் பேராசிரியராகப் பணியாற்றி, 1885 மே 2 இல் காலமானார்.

நினைவிற் கொள்க: நோய் வராத காலம் நிர்ப்பீடனம் பெற்ற காலம் ஆகாது.