கோப்பை கிடைக்காத கோடீஸ்வரர்

மளிகைக் கடைப் பையன் லிப்டனின் கதை

சேலத்தை அடுத்து, ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கிருந்து கடல் வெகு தூரம். கடலில் நடக்கும் பாய்க்கப்பல் பந்தயத்துக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் லிப்டன் என்ற பெயர் அங்கும் தெரியும். தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்த பெயர் அது.

லிப்டன் என்பது ஒரு மனிதரின் பெயர். ஏழை வீட்டில் பிறந்து கோடீஸ்வரர் ஆனவர் அவர். அரசரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அப்படிப்பட்டவரையும் பிரபுக்களின் படகுச் சங்கம் ஒன்று உள்ளே விடவில்லை. அவர் மளிகைக் கடைக்காரர் என்பதே காரணம்!

பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்

தாமஸ் லிப்டன் 1848-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள்.

அயர்லாந்து ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் உணவு. 1845-ம் ஆண்டில் அந்தப் பயிரை நோய் தாக்கியது. பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பல லட்சம் பேர் பிழைப்புத் தேடி வெளிநாடு போனார்கள். லிப்டனின் பெற்றோரும் அப்படிக் கிளாஸ்கோவுக்கு வந்தவர்களே.

அங்கே அவர்கள் சின்னக் கடை ஒன்று வைத்தார்கள். பன்றி இறைச்சி, வெண்ணெய், முட்டை விற்றார்கள். பையன் தாமஸ் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டான். கடைகளில் எடுபிடி வேலை பார்த்தான்.

அவன் மனமெல்லாம் துறைமுகத்தில் இருந்தது. பழைய பெட்டியின் மூடியைச் செதுக்கி, பாய் கட்டி, பொம்மைப் படகு செய்தானாம். அதற்கு ஷாம்ராக் என்று பெயர் வைத்தானாம். ஷாம்ராக் என்பது மூன்று இலைகள் கொண்ட சிறு செடி. அயர்லாந்தின் சின்னம் அது. தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, குட்டைத் தண்ணீரில் படகு விட்டு, அதையே ஒரு படகுச் சங்கம் என்று சொல்லிக்கொண்டானாம். பிற்காலத்தில் லிப்டனே சொன்ன கதை இது.

அமெரிக்கா கற்றுக் கொடுத்த பாடம்

கொஞ்ச நாள் கப்பலில் பணிப்பையனாக இருந்தான். கிடைத்த கூலியைச் சேர்த்துவைத்து, இளம் வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான். அங்கே புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தான். நெல் வயலிலும் உழைத்தான். கடைசியில் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் சேர்ந்தான். சரக்கை அழகாக அடுக்கி வைப்பது, விளம்பரம் செய்வது, வந்தவரை இன்முகத்தோடு வரவேற்பது ஆகியவற்றை அங்கே கற்றான்.

ஊர் திரும்பியதும் 1871-ம் ஆண்டில் லிப்டன் சொந்தக் கடை திறந்தார். தரகர்களை ஒதுக்கினார். விவசாயிகளிடமே நேரடியாகச் சரக்கு வாங்கினார். அதனால் விலையைக் குறைக்க முடிந்தது.

விளம்பரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கொழுத்த பன்றிகளை அலங்கரித்துத் தெருவிலே ஊர்வலம் விட்டார். 1881-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் யானைபோல ஒரு பாலாடைக்கட்டியைத் தருவித்தார். அதற்குள் தங்கக் காசுகளைச் செருகினார். துண்டு போட்டு விற்றார். தங்கம் கிடைக்காதா என்று கூட்டம் முண்டியடித்தது! 1888-ம் ஆண்டுக்குள் சுமார் 300 கடைகள் அவருக்குச் சொந்தமாகிவிட்டன.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய்தான் அவருக்கு எல்லாம். 1889-ம் ஆண்டில் தாய் இறந்தார். மறு ஆண்டு லிப்டன் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்.

கண்டிச்சீமையில்

அப்போது இலங்கையில் காப்பித் தோட்டங்கள் அழிந்து கிடந்தன. 1869-ம் ஆண்டில் தொடங்கிய இலை நோய், காப்பிச் செடிகளை ஒழித்துவிட்டது. தோட்டங்கள் மலிவாக விலைக்கு வந்தன. அந்த மண்ணில் தேயிலை நன்றாக வரும் என்று தெரிந்திருந்தது.

லிப்டன் தயங்கவில்லை. அப்புத்தளைக்கு அருகே உள்ள தம்பேதன்ன தோட்டத்தையும் வேறு பல தோட்டங்களையும் வாங்கினார். அதுவரை பெரும்பாலும் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்றார்கள். லிப்டன் அதைச் சரியான எடையில் பொட்டலம் கட்டினார். விலையை வெகுவாகக் குறைத்தார். தொழிலாளி வீட்டிலும் மலிவாகத் தேயிலை வாங்க முடிந்தது.

கொழுந்து பறித்தவர்கள் யார்? தமிழர்கள்! சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவர்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார்கள். சிலர் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். சிலர் தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காடும் மேடும் நடந்து மலை ஏறினார்கள். வழியிலேயே நோய் கண்டு இறந்தவர்கள் பலர். போய்ச் சேர்ந்தவர்களுக்கு லயன் என்ற வரிசை வீட்டில் ஒரு சிறு அறை. வாங்கிய முன்பணம் கழுத்தில் கடனாகத் தொங்கியது.

பஞ்சம் பிழைக்க ஊரை விட்டவர்களின் பிள்ளை லிப்டன். அவருக்குக் கொழுந்து பறித்தவர்களும் பஞ்சம் பிழைக்க ஊரை விட்டவர்களே.

திறக்காத கதவு

1897-ம் ஆண்டில் விக்டோரியா மகாராணி பட்டம் ஏறி 60 ஆண்டு நிறைந்த விழா நடந்தது. லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்க லிப்டன் 25 ஆயிரம் பவுன் கொடுத்தார். மறு ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. பட்டத்து இளவரசர் எட்வர்டு நண்பரானார். இரண்டு பேருக்கும் படகு என்றால் உயிர்.

இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் கௌஸ் என்ற ஊர் இருக்கிறது. 1815-ம் ஆண்டில் ஏற்பட்ட ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்ற சங்கம் அங்கேதான் இருக்கிறது. அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் சேர்ந்த சங்கம் அது. புதிதாக ஒருவர் சேர, பழைய உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும்.

அவர்கள் பரம்பரைச் சொத்தில் வாழ்ந்தவர்கள். கடையில் நின்று வெண்ணெய் நிறுத்தவரோடு சமமாக உட்கார அவர்களுக்கு மனம் இல்லை. ஆங்கில அரசர் தம் மளிகைக் கடைக்காரரோடு படகில் போகிறார் என்று ஜெர்மனிச் சக்கரவர்த்தி வில்லியம் கேலி செய்ததாகச் சொல்வார்கள். அரசரின் நட்பு இருந்தும் அந்தச் சங்கத்தின் கதவு திறக்கவில்லை.

லிப்டன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. கடலுக்குப் போனார்!

ஐந்து முறை

1851-ம் ஆண்டில் வைட் தீவைச் சுற்றி ஒரு பந்தயம் நடந்தது. அமெரிக்கா என்ற பெயருள்ள படகு அதில் ஜெயித்து, வெள்ளிக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. கோப்பை நியூயார்க் படகுச் சங்கத்தின் கைக்கு வந்தது. அதை மீட்க இங்கிலாந்து பல முறை முயன்றும் முடியவில்லை. லிப்டன் அதை மீட்கக் கிளம்பினார்.

பந்தயத்துக்கு அறைகூவல் விட ஏதாவது ஒரு படகுச் சங்கத்தின் ஆதரவு வேண்டும் என்பது விதி. அயர்லாந்தின் வடக்கே உள்ள ராயல் அல்ஸ்டர் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. படகுக்கு அவர் வைத்த பெயர் ஷாம்ராக். சிறுவயதுப் பொம்மைப் படகின் அதே பெயர்!

விதி இன்னொரு கஷ்டமும் வைத்திருந்தது. எதிர்த்து வரும் படகு அட்லாண்டிக் பெருங்கடலைத் தானே கடந்து வர வேண்டும். அதற்கு ஏற்ப உறுதியாகக் கட்டினால் கனம் கூடும். கனம் கூடினால் வேகம் குறையும். அமெரிக்கப் படகுக்கு அந்தத் தொல்லை இல்லை.

1899-ம் ஆண்டு முதல் ஷாம்ராக் தோற்றது. 1901-ல் இரண்டாவது ஷாம்ராக் போனது. கடைசி ஓட்டத்தில் அது 2 வினாடி முன்னால் எல்லையைத் தொட்டது. ஆனால் படகின் அளவைப் பார்த்து நேரச் சலுகை கணக்கிடுவது வழக்கம். கணக்குப் போட்டதும் 41 வினாடியில் தோல்வி! 1903-ல் மூன்றாவது ஷாம்ராக் மூடுபனியில் எல்லையையே தவறவிட்டது.

1914-ல் நான்காவது ஷாம்ராக் புறப்பட்டது. அது நடுக்கடலில் இருக்கும்போது முதல் உலகப் போர் மூண்டது. பந்தயம் நின்றது. லிப்டன் தம்முடைய எரின் என்ற நீராவிக் கப்பலைத் தொண்டுக்குக் கொடுத்தார். செர்பியா நாட்டில் விஷக்காய்ச்சல் பரவியபோது, மருத்துவர்களையும் தாதிகளையும் அதில் ஏற்றிச் சென்றார். பிறகு அந்தக் கப்பல் போர்ப் பணியில் மூழ்கிவிட்டது.

1920-ல் பந்தயம் நடந்தது. ஐந்து ஓட்டங்களில் மூன்றில் ஜெயிக்க வேண்டும். லிப்டன் முதல் இரண்டிலும் ஜெயித்தார். இன்னும் ஒன்றே ஒன்று! அடுத்த மூன்றிலும் தோற்றார்.

1930-ல் ஐந்தாவது ஷாம்ராக் போனது. அப்போது லிப்டனுக்கு வயது 82. எதிர்த்து நின்ற வாண்டர்பில்ட் பெரும் பணக்காரர். அவருடைய படகுக்கு அலுமினியக் கலவையில் செய்த லேசான பாய்மரம். நான்கு ஓட்டத்திலும் லிப்டனுக்குத் தோல்வி.

பொதுஜனங்கள் கொடுத்த கோப்பை

ஒவ்வொரு முறையும் அவர் சிரித்த முகத்தோடு ஜெயித்தவரை வாழ்த்தினார். சாக்குச் சொல்லவில்லை. பந்தயத்தால் அமெரிக்காவில் அவருடைய தேயிலை வியாபாரம் பெருகியது என்பதும் உண்மை. ஆனால் மக்கள் அவரை விரும்பியது தேயிலைக்காக மட்டும் அல்ல. தோற்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வில் ராஜர்ஸ் என்ற ஹாஸ்ய நடிகர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு டாலர் போட்டு லிப்டனுக்கு ஒரு கோப்பை கொடுக்கலாம் என்றார். அமெரிக்கா முழுவதும் பணம் குவிந்தது. தங்கக் கோப்பை தயாரானது. 1930-ம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மேயர் அதை லிப்டனிடம் கொடுத்தார்.

1931-ல் கௌஸ் சங்கத்தின் கதவும் கடைசியாகத் திறந்தது. லிப்டன் உறுப்பினர் ஆனார். ஆனால் காலம் கடந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி லண்டனில் அவர் இறந்தார். கிளாஸ்கோவில் தாய் தந்தையின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சொத்தின் பெரும் பகுதியைக் கிளாஸ்கோ ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எழுதி வைத்திருந்தார். அவர் தேடிய வெள்ளிக் கோப்பை, 1983-ல் ஆஸ்திரேலியா ஜெயிக்கும்வரை அமெரிக்காவை விட்டு நகரவே இல்லை.

இன்னொரு கதவு

லிப்டனுக்கு மூடியிருந்தது ஒரு சங்கத்தின் கதவுதான். அவருக்குக் கொழுந்து பறித்த மக்களின் சந்ததிக்கு ஒரு நாட்டின் கதவே மூடியது. 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் லட்சக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அங்கேயே தங்கி, நாடற்றவராகவே இருந்தவர்களுக்கு 2003-ல் வந்த சட்டம் குடியுரிமை வழங்கியது. 55 ஆண்டுகள் கழித்து!

தம்பேதன்னவுக்கு மேலே ஒரு மலை முனை இருக்கிறது. லிப்டன் உட்கார்ந்து தம் தோட்டங்களைப் பார்த்த இடம் என்கிறார்கள். அதைப் பார்க்கப் பல நாட்டவரும் வருகிறார்கள். போகும் வழியெல்லாம் பச்சைச் செடிகளுக்கு நடுவே பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். அவர்களில் சிலரின் பாட்டன் பூட்டன் சேலத்துக்காரராகவும் இருக்கலாம்.

பிறப்பைப் பார்த்துக் கதவை மூடுகிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. மூடிய கதவுக்கு முன்னால் மனம் ஒடியாமல் நின்றவர்களையே உலகம் நினைவில் வைக்கிறது. லிப்டனின் பெயர் பொட்டலத்தில் இருக்கிறது. அவருக்காகக் கொழுந்து பறித்தவர்களின் பெயர் எந்தப் பொட்டலத்திலும் இல்லை. காலையில் டீ குடிக்கும்போது அவர்களையும் ஒரு கணம் நினைப்பது நியாயம்.