காமராஜரும் பாலாற்றுக் கரை மின்சாரமும்

காமராஜர் என்றவுடன் ஏழைச் சிறுவர்களின் பள்ளிக்கூடமும் மத்தியான உணவுமே ஜனங்களின் நினைவுக்கு வருகின்றன. அது நியாயமே. ஆயினும், அவருடைய ஆட்சியில் தமிழ்நாடு அடைந்த மற்றொரு பெரு நன்மையைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. மின்சாரத்தையே குறிப்பிடுகிறோம். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடர்ந்து கிடக்கும் தோல் தொழில் ஊர்களில் நின்று பார்ப்போருக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். அப்பிரதேசத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பும் சாமானியமானதன்று.

1903-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி விருதுபட்டியில் பிறந்த காமராஜர், இளமையிலேயே தந்தையை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. மாமனின் ஜவுளிக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். 1919-ல் பஞ்சாபில் நடந்த படுகொலை அவர் உள்ளத்தைத் தேசப் பணிக்குத் திருப்பியது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறை சென்றார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். அவ்வருஷமே பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே கைதியாக இருந்தபோதுதான் விருதுநகர் நகரசபையார் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். விடுதலையானதும், அப்பதவியை முழு நேரமும் கவனிக்கத் தமக்கு அவகாசமிராது என்று கருதி அதனைத் துறந்தார். செய்ய இயலாத வேலையின் பெயரைச் சுமப்பது அவருக்கு உடன்பாடன்று.

1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸ் கூட்டம் முடிந்து ரயிலில் திரும்புகையில், அரக்கோணத்தில் போலீஸார் காத்திருந்தனர். அவர்கள் கண்ணில் படாமல் நழுவி ராணிப்பேட்டை சேர்ந்தார். அங்குள்ள காங்கிரஸ் நண்பரின் துணையுடன் மேற்கொண்டு சென்று, தொண்டர்களுக்குச் சேதி சொல்லி முடித்த பிறகே தம்மைக் கைது செய்ய இடங்கொடுத்தார். 1945-ல் வெளிவரும்வரை வேலூரிலும் அமராவதியிலும் சிறை வாசம் செய்தார்.

1954 ஏப்ரலில் அவர் முதல் மந்திரியானபோது சட்டசபை அங்கத்தினரல்லர். மேல்சபை வழியாக நுழைவது சுலபம். அதை விட்டு, வட ஆற்காடு ஜில்லாவின் குடியாத்தம் தொகுதியில் உப தேர்தலுக்கு நின்று, ஜனங்களின் வாக்கைப் பெற்றே சபைக்குள் புகுந்தார். நெசவாளரும் தோல் தொழிலாளரும் உழவரும் கலந்து வாழும் பிரதேசம் அது. கைதியாக அவர் இருந்த சீமையே அவரை முதல் மந்திரியாக நிலைநிறுத்தியது எனலாம்.

அக்காலத்து நிலைமையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பைக்காரா மின்நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் வேலை தொடங்கியிருந்தன. மேட்டூரின் கம்பிகள் வட ஆற்காட்டுக்கும் நீண்டிருந்தன. ஆயினும் அவ்வெளிச்சம் பெரிதும் பட்டணங்களோடும் ஆலைகளோடும் நின்றது. கிராமத்து உழவன் மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்தான். தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைப்பதும், புரட்டுவதும், சுரண்டுவதும் மனிதனின் கையாலும் காலாலும் நடந்தன. பாதி பதனிட்ட அத்தோல் கப்பலேறிச் சென்று, அந்நிய நாட்டில் மெருகேறியது. மிகுதியான லாபமும் அங்கேயே தங்கியது.

காமராஜர் மின்சாரத்தைச் செல்வரின் சௌகரியமாகக் கருதவில்லை. உழவனின் கிணற்றுக்கும் சிறு தொழிலாளியின் பட்டறைக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1957 ஜூலை 1-ந் தேதி மின்சார வாரியம் ஏற்பட்டது. அதே வருஷம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் வேலை ஆரம்பமாயிற்று. சோவியத் உதவியுடன் அமைந்த அனல் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் இயந்திரம் 1962-ல் ஓடியது. கனடா தேசத்தின் உதவியால் நீலகிரியில் குந்தா நிலையங்கள் 1960-ல் மின்சாரம் தந்தன. மழை பொய்த்தால் நீர்மின்சாரம் குன்றும். அப்போது நிலக்கரி கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்து வளர்த்ததில்தான் அவ்வாட்சியின் முன்யோசனை விளங்குகிறது. கிணறுகளுக்கு மின்சார பம்புகள் பொருத்துவதில் சென்னை ராஜ்யம் இந்தியாவிலேயே முன்னணியில் நின்றது.

1963 அக்டோபர் 2-ந் தேதி, கட்சிப் பணிக்காகத் தாமாகவே பதவியை விட்டு விலகினார். 1967-ல் சொந்த ஊரிலேயே தோல்வி கண்டார்; மனங்கலங்கவில்லை. 1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று காலமானார். சொத்தென்று சொல்ல எதையும் வைத்துப் போகவில்லை.

அவர் இட்ட கம்பிகளின் பலனைத் தோல் ஊர்கள் பின்னர்க் கண்டன. 1970-களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை சர்க்கார் கட்டுப்படுத்தவே, மின்சாரத்தால் சுழலும் பீப்பாய்களும் பிளக்கும் இயந்திரங்களும் பெருகின. ஆம்பூரில் பூட்ஸ் தைக்கும் சாலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் அவற்றில் கூலி பெற்றனர். ஆனால் அதே வேகத்தில் குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் பாலாற்றில் இறங்கிற்று. கிணறுகள் கெட்டன, தென்னையும் நெல்லும் பட்டன. மின்சார பம்பு எந்தக் கிணற்றுக்கு வந்ததோ, அந்தக் கிணற்று நீரே குடிக்க உதவாமற் போயிற்று! 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்துத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் தலையிட நேர்ந்தது.

இக்குற்றத்தைக் காமராஜர் மேல் சுமத்துவது அநியாயம். ஆயினும் சக்தியைக் கொடுத்த தேசம், அச்சக்தி என்ன செய்கிறதென்று கவனிக்கத் தவறியது என்பதை நாம் மறைக்கலாகாது. இன்று கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கும் பொது நிலையங்கள் இயங்குகின்றன. உப்பைப் பிரித்து நீரை மீட்க மிகுந்த மின்சாரம் செலவாகிறது. அச்செலவுக்கு அஞ்சுவோர், இரவில் கழிவைத் திறந்துவிடும் சோதனைக்கு ஆளாகின்றனர்.

ஆகையால் நமது அபிப்பிராயம் இதுவே: காற்றாலும் சூரியனாலும் பெறும் புதிய மின்சாரத்தில் முதற் பங்கு, நதியைச் சுத்தமாக்கும் நிலையங்களுக்குச் சகாய விலையில் கிடைக்க வேண்டும். அதைப் பெற்றும் நதியைக் கெடுப்போருக்குக் கம்பியைத் துண்டிக்கத் தயங்கலாகாது. கடைசிக் குடிசைக்கும் நன்மை போய்ச் சேர்ந்ததா என்பதே காமராஜரின் அளவுகோல். பாலாற்றுக் கரையில் அக்குடிசைக்கு விளக்கு வந்துவிட்டது. நல்ல தண்ணீர் இன்னும் வரவில்லை. அது வரும்வரை அவர் தொடங்கிய வேலை முடிந்ததாக நாம் கொள்ள முடியாது.