பாசியை ஆராய்ந்த பெருந்தகை

மழைக்காலத்தில் மரப்பட்டையின்மேல் பச்சைப் பட்டு விரித்தாற்போலப் பாசி படர்கின்றது. அதனைக் காண்போர் பலர். நின்று நோக்குவோர் சிலர். அச்சிற்றுயிரை அறிவதற்கே தம் வாழ்நாளை ஈந்தவர் ரிச்சர்டு ஸ்புரூஸ் ஆவார்.

இவர் 1817-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் யார்க்ஷயர்ப் பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். யார்க் நகரில் கணக்காசிரியராகப் பணியாற்றினார். இளமை தொட்டே உடல்நலம் குன்றியவர். எனினும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாசிகளைத் தேடி அலைந்தார். 1849-இல் கப்பலேறித் தென் அமெரிக்கா சென்றார். செடிகளைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிப் பெற்ற பொருளே அவருக்கு வாழ்வூதியமாயிற்று.

அமேசான் ஆற்றின் தாழ்நிலக் காடுகளில் மழைக்குக் குறைவில்லை. ஆதலின் அங்கே பாசியும் செழித்திருக்கும் என எண்ணுதல் இயல்பே. ஸ்புரூஸ் கண்டதோ வேறு. பெரிய பாசிகள் அங்கு அரியனவாக இருந்தன. பட்டைகளிலும் இலைகளின் மேலும் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு ஈரற்பாசிகளே மிகுந்திருந்தன. 1857-இல் அவர் எக்குவடோர் நாட்டின் ஆண்டீஸ் மலைச்சாரலில் ஏறினார். முகில் தவழும் அக்காட்டிலோ கிளைதோறும் பாசி தடித்துத் தொங்கியது.

இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது? பாசிக்கு உண்மையான வேர் இல்லை. அது நீரைத் தன் உடலின் மேற்பரப்பாலேயே உறிஞ்சுகின்றது. காற்று உலர்ந்தால் தானும் உலர்ந்துவிடுகின்றது. உலர்ந்த பாசியால் உணவு ஆக்க இயலாது. தாழ்நிலத்தில் அது பகலில் விரைந்து உலர்கின்றது. வெம்மை மிக்க இரவிலோ, ஆக்கிய உணவையும் சுவாசத்தால் செலவிடுகின்றது. மலைமுகிலின் ஈரமும் குளிர்ச்சியும் இவ்விழப்பைத் தடுக்கின்றன. ஒரே மரத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். அடிமரத்தில் நிழலும் ஈரமும் உண்டு. உச்சிக் கிளையில் வெயிலும் காற்றும் உண்டு. ஆதலின் அடியில் வாழும் பாசி வேறு. முடியில் வாழும் பாசி வேறு.

அம்மலைப் பயணத்தில் அடைமழையும் ஆற்று வெள்ளமும் ஸ்புரூஸை வருத்தின. அந்நிலையிலும் ஒரு சிறு பாசியைக் கண்டால் அவர் தம் துன்பமெல்லாம் மறந்தார். 1860-இல் அவருடைய முதுகும் கால்களும் செயலிழந்தன. அந்நிலையிலும், இந்தியாவின் பொருட்டுச் சிங்கோனா விதைகளையும் கன்றுகளையும் அவ்வாண்டிலேயே திரட்டித் தந்தார். அவ்விதைகளிலிருந்து வளர்ந்த செடிகள் நம் நீலகிரியில் நடப்பட்டன. மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினா மருந்து அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பதாகும். மறு ஆண்டில் அவர் தம் சேமிப்பையெல்லாம் இழந்தார்.

1864-இல் வறியராய், நோயாளராய்த் தாயகம் திரும்பினார். நெடுநேரம் அமர்ந்து எழுதவும் அவரால் இயலவில்லை. ஆயினும் சாய்ந்தவாறே பல்லாண்டுகள் உழைத்து, அமேசான், ஆண்டீஸ் பகுதிகளின் ஈரற்பாசிகளைப் பற்றிய பெருநூலை 1885-இல் நிறைவு செய்தார். 1893-இல் மறைந்தார்.

மக்கள் நோய் தீர்க்கும் மரத்தை உலகிற்கு வழங்க உதவியவர், ஒருவருக்கும் பயனில்லை எனப் பிறர் ஒதுக்கிய பாசியையும் அதே அன்புடன் ஆராய்ந்தார். சிறியது என ஒன்றை இகழாத உள்ளமே அவர்தம் பெருமையாகும்.