விண்வெளியில் ஒளியைக் கண்டவர்

'நார்னியா' கதைகள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றை எழுதிய சி.எஸ். லூயிஸ், அதற்கு முன்பே விண்வெளிக் கதைகள் எழுதியவர்.

அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், 1898 நவம்பர் 29ல் பிறந்தார் லூயிஸ். அப்பா வழக்கறிஞர், அம்மா ஃப்ளோரா கணிதம் படித்தவர். வீடு முழுவதும் புத்தகங்கள். மாடி அறையில் அமர்ந்து, பேசும் மிருகங்களைப் பற்றிக் கதை எழுதுவான் சிறுவன் லூயிஸ். அண்ணன் வாரனும் சேர்ந்து கொள்வான்.

1908ல் அம்மாவைப் புற்றுநோய் தாக்கியது. அம்மா பிழைக்க வேண்டும் என்று மன்றாடி ஜெபித்தான் ஒன்பது வயது லூயிஸ். பலன் இல்லை. ஆகஸ்ட் மாதம் அம்மா இறந்தார். சில வாரங்களிலேயே இங்கிலாந்தில் உள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். வளர வளரக் கடவுள் நம்பிக்கையும் போய்விட்டது.

முதல் உலகப் போரில் சேர்ந்த லூயிஸ், தன் 19வது பிறந்த நாளன்று பிரான்ஸ் போர்முனையை அடைந்தார். 1918ல் குண்டு வெடித்துக் காயமடைந்தார். அருகில் இருந்த வீரர் இறந்தார்.

போருக்குப் பின் ஆக்ஸ்போர்டில் படித்து, 1925ல் அங்கேயே ஆசிரியர் ஆனார். எழுத்தாளர் டோல்கீன் அவருக்கு நண்பரானார். நண்பர்களுடன் பல நாட்கள் விவாதித்து, 1931ல் மீண்டும் கிறிஸ்துவ நம்பிக்கைக்குத் திரும்பினார்.

ஒருநாள் நண்பர்கள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். காலப் பயணக் கதையை டோல்கீன் எழுத வேண்டும். விண்வெளிக் கதையை லூயிஸ் எழுத வேண்டும். டோல்கீன் தன் கதையை முடிக்கவே இல்லை. லூயிஸின் நாவலோ 1938ல் வெளிவந்தது.

அதில், ரான்சம் என்ற மொழி அறிஞரை இருவர் செவ்வாய் கிரகத்திற்குக் கடத்திச் செல்கின்றனர். விண்வெளி இருட்டாக, வெறுமையாக இருக்கும் என்று பயந்தவர், அங்கே ஒளி வெள்ளத்தைக் காண்கிறார். செவ்வாயில் கொடிய அரக்கர்கள் இல்லை. மூன்று வகை உயிர்கள் சண்டையின்றி வாழ்கின்றன. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒளி உருவங்கள் அவற்றைக் காக்கின்றன. பேராசையோடு வந்தவர்கள் மனிதர்கள்தான்! பூமியைக் காக்க வேண்டிய சக்தியே தீயதாக மாறிவிட்டதால், பூமியிலிருந்து மட்டும் எந்தச் செய்தியும் மற்ற கிரகங்களுக்கு வருவதில்லை என்ற மர்மமும் ரான்சமுக்குப் புரிகிறது.

இதன் தொடர்ச்சியாக, 1943லும் 1945லும் இரண்டு நாவல்கள் வந்தன. பின், 1950 முதல் 1956 வரை நார்னியா கதைகள் ஏழும் வெளியாயின.

அவற்றில் 1955ல் வந்த கதையில், டிகோரி என்ற சிறுவனின் அம்மா சாகும் நிலையில் இருக்கிறார். நோய் தீர்க்கும் ஆப்பிளைத் திருடும் ஆசை வந்தும், அடக்கிக் கொள்கிறான் டிகோரி. அதனால், நோய் தீர்க்கும் பழம் அவனுக்குப் பரிசாகவே கிடைக்கிறது. அதைத் தின்ற அம்மா பிழைத்துக் கொள்கிறார்.

லூயிஸ் 1963 நவம்பர் 22ல் காலமானார். அதே நாளில் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதால், அவரது மறைவு பலருக்குத் தெரியாமலே போனது. ஆனால், ஒன்பது வயதில் தனக்குக் கிடைக்காததை, கதையில் ஒரு சிறுவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் அவர்.