கடலோர வீட்டின் ஆயுளைக் கணிக்க உதவும் டாக்டர்: யார் இந்த அடால்ஃப் ஃபிக்?

நீலாங்கரை, பாலவாக்கம் பக்கம் பழைய வீடுகளின் பால்கனி அடியை நிமிர்ந்து பாருங்க. சில இடங்களில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். உப்புக்காத்து வேலை. சரி, அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் தொட எத்தனை வருஷம் ஆகும்? இதைக் கணக்குப் போட இன்ஜினீயர்கள் இன்றும் கையில் எடுப்பது, 1855-ல் ஒரு மருத்துவர் எழுதிய சமன்பாட்டைத்தான்.

அடால்ஃப் ஃபிக் 1829-ல் ஜெர்மனியின் காஸல் நகரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா நகரத்தின் கட்டடப் பணிகளைக் கவனித்த அதிகாரி. மகனுக்குப் பிடித்தது கணக்கு. அண்ணன் சொல்லி மருத்துவத்துக்கு மாறினார். கணக்கை மட்டும் விடல.

படிப்பு முடிந்து சூரிச் போனவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி, உடம்பின் சவ்வுகளைத் தாண்டி உப்பும் நீரும் எப்படி நகருது என்பது. தாமஸ் கிரகாம் என்ற வேதியியலாளர் உப்பு பரவுவதை ஏற்கெனவே அளந்திருந்தார், ஆனா விதி கிடைக்கல. ஃபிக் ஒரு குழாயின் அடியில் உப்பும் மேலே நல்ல தண்ணீரும் இருக்கும்படி செய்தார். சின்னக் கண்ணாடிக் குண்டு ஒன்றைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்து, எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று கண்டுபிடித்தார். உலோகத்தில் சூடு பரவுவதற்கு ஃபூரியே போட்ட கணக்கே இங்கும் பொருந்தியது. உப்பு அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு, வித்தியாசத்துக்குத் தகுந்த வேகத்தில் நகரும். அப்போ அவருக்கு 25 வயசுதான்!

அதோடு நிற்கல. தசைக்குப் புரதம்தான் எரிபொருளா என்று பார்க்க, 1865-ல் நண்பருடன் புரதம் சாப்பிடாமலே சுவிஸ் மலை ஒன்றில் ஏறினார். இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுது என்று கணக்கிடும் வழியை 1870-ல் சொன்னார். (கான்டாக்ட் லென்ஸ் இவருடையதில்லை, அதே பெயர் கொண்ட அண்ணன் மகனுடையது.) 1901-ல் இறந்தார்.

அவர் விதியைக் கடலோர கான்கிரீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியின் கொலெபார்டி குழுவினர். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பி மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். குளோரைடு போதிய அளவு சேர்ந்தால் அது உடையும், துரு ஆரம்பிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் வெடிக்குது.

இதில் கவனிக்க வேண்டியது, ஆழம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும் என்பது. கம்பி மேல் 50 மி.மீ. கவர் இருந்து, உப்பு வந்து சேர 40 வருஷம் ஆகும்னு வைங்க. கவர் 25 மி.மீ. ஆனால் 20 இல்லை, 10 வருஷம்தான். சென்ட்ரிங்கில் கவர் பிளாக் நழுவியதைச் சும்மா விட்டால் விலை அவ்வளவு. நிஜத்தில் கலவையின் தரம், ஈரம், வெயில் எல்லாம் கணக்கை மாற்றும். ஃப்ளை ஆஷ் கலந்த நல்ல கலவை உப்பை மெதுவாக்கும். கடலலை தெறிக்கும் இடத்துக்கு ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது 50 மி.மீ.

தாம்பரம் கடலிலிருந்து தள்ளியிருக்கே என்று நிம்மதி வரலாம். காற்றில் உப்பு குறைவுதான். ஆனா கலவையில் உப்பு போர்வெல் தண்ணி ஊற்றினால் குளோரைடு முதல் நாளே கம்பி பக்கத்தில் இருக்கும், ஃபிக் தரும் வருஷங்கள் கிடைக்காது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது அதே ஐ.எஸ். 456.