காதல் கதையை வெட்கமின்றிப் படித்தவர்

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் ராயகிரி. அங்கிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகக் குற்றாலம் செல்லும் பேருந்தில், கல்லூரி மாணவி ஒருத்தி பாடப் புத்தகத்தினுள் ரமணிசந்திரன் நாவலை ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டு போனால் யாரும் வியப்படைய மாட்டார்கள். ஆனால் அதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று கேட்போரும் இல்லை. காதல் கதை படிப்பது பொழுதுபோக்கு, அதிலும் சற்றுத் தாழ்ந்த பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதே பேருந்து சென்று சேரும் குற்றாலத்தில்தான், காதல் கவிதையைக் கூச்சமின்றிச் சுவைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். ரசிகமணி என்று தமிழுலகம் அழைத்த டி.கே. சிதம்பரநாத முதலியார் அவர்.

1880களின் தொடக்கத்தில் பிறந்த டி.கே.சி., சட்டம் பயின்றவர். எனினும் வழக்குரைஞர் தொழில் அவரை நெடுங்காலம் கட்டி வைக்கவில்லை. சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினராகவும், பின்னர் 1930களில் அறநிலைய வாரிய ஆணையராகவும் பணியாற்றினார். ஒரு மனிதரின் வாழ்க்கைக் குறிப்பை நிரப்ப இவையே போதும். ஆனால் இன்று அவர் பெயரைச் சொல்பவர் எவரும் இந்தப் பதவிகளுக்காகச் சொல்வதில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய வீட்டின் நடுவே வட்ட வடிவமாக அமைந்த ஒரு தொட்டிக்கட்டுக்காகவே அவர் நினைக்கப்படுகிறார்.

1920களில் அங்கே நண்பர்கள் கூடத் தொடங்கினர். அதற்குச் சங்கம் என்றோ கழகம் என்றோ பெயரில்லை. தலைவர், செயலாளர், தீர்மானம் எதுவும் இல்லை. கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராகி, வட்டத்தொட்டி என்று நிலைத்துவிட்டது. டி.கே.சி. ஒரு பாடலை எடுத்துக்கொள்வார். உடனே பொருள் கூறிவிட மாட்டார். அந்தப் பாடல் பிறந்த சூழலை முதலில் பேச்சுவாக்கில் விரிப்பார். யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள் என்பதெல்லாம் கேட்பவர் மனத்தில் காட்சியாகப் பதிந்த பிறகே பாடலைச் சொல்வார். இசையோடு சொல்வார், திரும்பத் திரும்பச் சொல்வார். பண்டிதர்கள் பதவுரையும் இலக்கணக் குறிப்பும் எழுதி முடிக்கும் நேரத்தில், இவர் ஒரே சொல்லின் மேல் நின்று அதன் சுவையில் திளைத்துக்கொண்டிருப்பார். இப்படிப் படிப்பவரைப் புலவர் உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. இதில் வியப்பும் இல்லை.

அவர் சுவைத்தவற்றுள் முத்தொள்ளாயிரத்துக்குத் தனி இடம் உண்டு. சேர, சோழ, பாண்டியர் மூவரையும் பாடிய அந்தப் பழைய நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலில் தப்பிப் பிழைத்த நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே எஞ்சியுள்ளன. அவற்றுள் பெரும் பகுதி காதல் பாடல்கள். கதை என்று பார்த்தால் எல்லாம் ஒரே கதைதான். மன்னன் யானைமேலோ குதிரைமேலோ உலா வருகிறான், ஒரு பெண் பார்க்கிறாள், மனத்தைப் பறிகொடுக்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. மன்னன் அவளைத் திரும்பிப் பார்த்தானா என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

ஒன்றும் நடக்காத அந்தக் கதைக்குள் எத்தனை நடக்கிறது என்று காட்டியதே டி.கே.சி.யின் திறம். சேரன் வரும் தெருவில் தாய்மார் கதவை அடைக்கிறார்கள், மகளிர் திறக்கிறார்கள். அடைத்தும் திறந்தும் கதவின் குடுமி தேய்ந்தே போயிற்று என்கிறது ஒரு பாடல். அதில் தாயும் பேசவில்லை, மகளும் பேசவில்லை, கதவுதான் பேசுகிறது. இன்னொரு பாடலில், பாண்டியன் ஏறிவரும் பெண்யானையிடம் மெல்ல நடக்கும்படி மன்றாடுகிறாள் ஒருத்தி. இவ்வளவு விரைந்து நடந்தால் நீ பெண்தானா என்று ஐயுற நேரும் என்று அதனிடமே சண்டையும் பிடிக்கிறாள். சோழனைக் கண்ட மற்றொருத்தியின் நெஞ்சம், நாணம் ஒரு பக்கமும் ஆசை ஒரு பக்கமும் இழுக்க, இரு முனையிலும் தீப்பற்றிய கொள்ளிக்கட்டையின் நடுவில் அகப்பட்ட எறும்பைப் போல அங்குமிங்கும் ஓடித் திரிகிறது.

காதல் கதையின் வாசகர் எதை விரும்பிப் படிக்கிறார் என்னும் கேள்விக்கு இந்த மூன்று பாடல்களிலும் விடை இருக்கிறது. முடிவு அல்ல அவரை ஈர்ப்பது. முடிவு அவருக்கு முன்பே தெரியும். பல வேளைகளில் அட்டைப்படமே சொல்லிவிடும். சொல்ல வந்த சொல் தொண்டையில் நிற்கும் கணமும், கதவுக்கு அப்பாலும் இப்பாலும் நிற்கும் இருவருக்கு இடையே உள்ள அந்தச் சிறு தொலைவுமே அவரைப் பிடித்து வைக்கின்றன. அறிவும் மானமும் உள்ள ஒரு பெண் தன் மனம் தன் சொல்லைக் கேளாமல் போவதைத் தானே கண்டு திகைக்கிறாள். அந்தத் திகைப்பைத் தன்னுடையதாக உணரும்போதுதான் வாசகர் பக்கத்தைப் புரட்ட மறக்கிறார். கதாநாயகன் அழகனாக இருக்கலாம், செல்வனாக இருக்கலாம். அதெல்லாம் உலா வரும் யானையின் முகபடாம். கதை சாளரத்தின் உட்புறத்தில் நடக்கிறது.

கம்பர் இதை நன்கறிந்தவர். வான்மீகத்தில் வில் முறிந்த பிறகே இராமனுக்குச் சீதை உரியவளாகிறாள். கம்பரோ, வில்லுக்கு முன்பே மிதிலைத் தெருவிலும் கன்னிமாடத்திலுமாக இருவர் கண்களையும் சந்திக்க வைத்துவிடுகிறார். அந்த ஒரு மாற்றத்தால் வில் முறியும் நிகழ்ச்சி வீரச்செயல் என்ற நிலையிலிருந்து காதல் கதையின் உச்சமாக மாறிவிடுகிறது. நீலமாலை என்னும் தோழி வில் முறிந்த செய்தியைக் கொண்டு ஓடி வருகிறாள். எல்லாரும் மகிழும் அந்த நேரத்தில் சீதைக்கு மட்டும் ஓர் அச்சம்: முறித்தவன் தான் கண்டவன்தானா, வேறு ஒருவனா? வேறு ஒருவன் என்றால் உயிர் விடுவது என்று அவள் துணிகிறாள். கேட்பவருக்கு விடை தெரியும், அவளுக்குத் தெரியாது. இன்றைய தொடர்கதை எழுத்தாளர் வாரக் கடைசியில் வைக்கும் முடிச்சும் இதே நூலால் போடப்படுவதுதான்.

1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் திருநாளைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் டி.கே.சி. பின்னர் கல்கி இதழில் கம்பர் பாடல்களின் சுவையைத் தொடர்ந்து எழுதினார். வட்டத்தொட்டியில் சிலர் மட்டும் கேட்டதை வார இதழ் வாசகர்கள் எல்லாரும் கேட்க முடிந்தது. ஒரு பக்கத்தில் தொடர்கதை, மறுபக்கத்தில் கம்பர் என்று ஒரே இதழில் இரண்டையும் படித்த தலைமுறை ஒன்று உண்டு. இரண்டுக்கும் இடையே சுவர் இருப்பதாக அந்தத் தலைமுறை நினைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் சுவையே அளவுகோல் என்று கொண்டவருக்கு ஒரு வழுக்குப் பாறை காத்திருந்தது. தம் நெஞ்சைத் தொடாத பாடல்கள் கம்பர் பாடியவையாக இருக்க முடியாது என்னும் முடிவுக்கு டி.கே.சி. வந்தார். பிற்காலத்தார் நுழைத்த இடைச்செருகல்கள் என்று அவற்றை ஆயிரக்கணக்கில் ஒதுக்கினார். எஞ்சியவற்றிலும் தமக்குப் பொருந்தாத சொற்களை மாற்றினார். அப்படிச் சலித்தெடுத்ததையே கம்பர் தரும் ராமாயணமாக வெளியிட்டார். அறிஞர்கள் சினந்தனர். அவர்கள் சினத்தில் நியாயம் இருந்தது. பழைய நூலில் இடைச்செருகல்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுக் காண வேண்டியதை ஒருவருடைய மனமகிழ்ச்சி மட்டுமே கண்டுவிட முடியாது. காதல் கதை வாசகர் தமக்குச் சலிப்பூட்டும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம். அது அவர் உரிமை. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு நூலை அடுத்தவரிடம் கொடுப்பது வேறு. தமிழின் மாபெரும் ரசிகர் செய்த பெரும் பிழை இதுவென்றே கருதுகிறேன். முத்தொள்ளாயிரத்தில் அவருக்கு அந்தச் சோதனை அவ்வளவாக வரவில்லை. காலமே அங்கு முன்னதாகக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டத்தொட்டியின் கதையில் நாம் கேள்விப்படும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. பெண் மனத்தின் தவிப்பைப் பாடிய பாடல்களை ஆண்கள் வட்டமாக அமர்ந்து சுவைத்திருக்கிறார்கள். அதே காலத்தில், 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி நாவலுக்கு மேல் நாவலாக எழுதிக் குவித்தார். அவற்றை வீடுகளில் பெண்கள் படித்தார்கள். முன்னது ரசனை எனப் பெயர் பெற்றது. பின்னது பொழுதுபோக்கு என ஒதுக்கப்பட்டது. இந்தப் பாகுபாட்டை டி.கே.சி. உண்டாக்கவில்லை. எனினும் படிப்பறிவும் பதவியும் உடைய ஓர் ஆண் காதல் பாட்டுக்குக் கண்கலங்கினால் அது பெருமையாகவும், அடுப்பங்கரையில் ஒரு பெண் கண்கலங்கினால் அது ஏளனமாகவும் ஆனதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது முறையாகாது.

வாழ்வின் பிற்பகுதியில் அவர் குற்றாலத்தில் குடியேறினார். அந்த மண்ணும் காதல் கதைக்குப் புதிதல்ல. பக்கத்து மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய இடம் அது. பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள். மன்னன் இருந்த இடத்தில் இறைவன்; மற்றபடி முத்தொள்ளாயிரத்துப் பெண்ணின் தங்கைதான் அவள். வட்டத்தொட்டியும் அருவிக்கரைக்கு இடம் மாறியது. ராஜாஜி வந்து தங்கினார்; கல்கி வந்தார்; நீதிபதி மகாராஜனும் பாஸ்கரத் தொண்டைமானும் வந்தார்கள். கரிசல்காட்டு இளைஞர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவரை நாடி வந்தவர்களே. விருந்தோம்பலிலும் ரசனையிலும் அந்த வீட்டில் குறையில்லை. இலையில் பரிமாறப்பட்ட திருநெல்வேலிப் பலகாரத்தைப் பற்றியும் வெண்பாவைப் பற்றியும் அவர் ஒரே குதூகலத்தோடு பேசக்கூடியவர். வர இயலாதவர்களுக்குக் கடிதம் எழுதினார். நட்பும் கவிதையும் கலந்த அந்தக் கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகி, தமிழில் கடித இலக்கியம் என்றாலே நினைவுக்கு வருபவை ஆயின.

இத்தனை மகிழ்ச்சி பேசியவரின் வீட்டில் துயரமும் நுழைந்தது. மகன் தீத்தாரப்பன் தந்தைக்கு முன்பே காலமானார். அந்த இழப்புக்குப் பின்னும் டி.கே.சி. பாடல் சொல்வதை நிறுத்தவில்லை. கவிதையைச் சுவைப்பது வசதி படைத்தவரின் விளையாட்டு என்று எண்ணுவோர் இதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1950 அக்டோபரில் கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. வந்தியத்தேவனும் குந்தவையும் எப்போது சந்திப்பார்கள், சந்தித்தாலும் மனத்தில் உள்ளதை எப்போது சொல்வார்கள் என்று தமிழ்நாடு வாரந்தோறும் காத்திருந்தது. சோழ இளவரசியை மாடத்தில் நிறுத்தி, வாணர் குலத்து வீரனைத் தெருவில் நடக்கவிட்டு, இடையில் அரசியலையும் சதியையும் ஆற்றுவெள்ளத்தையும் குறுக்கே போட்டார் கல்கி. மிதிலையின் கன்னிமாடமும், தேய்ந்த கதவுக்குடுமியும் அந்தக் கதைக்குள் எங்கோ இருப்பதாகத் தோன்றுவது எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை.

தொடர் 1954 மே மாதம்தான் நிறைவுற்றது. டி.கே.சி. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, பிப்ரவரி 16ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கியும் காலமானார்.