மணியோசை கேட்ட மனிதர்

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று எங்கட ஊரிலே சொல்லுவினம். அரச கந்தோரிலே நடக்கிற களவும் அப்படித்தான். பெரிய களவு ஒரு நாளிலே திடீரென்று நடப்பதில்லை. அதற்கு எத்தனையோ வருசத்துக்கு முன்னமே சின்னச் சின்ன மணிகள் ஆடும். அந்த ஓசையை நேரத்தோடு கேட்டு, எழுதியும் வைத்து, அதற்காக உயிரையும் கொடுத்த ஒரு மனிதரைப் பற்றி இந்தச் சித்திரைப் புத்தாண்டு மலரிலே எழுத விரும்புகிறேன்.

அவருடைய பெயர் பலெர்மோவில் இருக்கிற எங்கட சனத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் யாரென்று கேட்டால் பலர் கையை விரிப்பார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் ஏறினால், வழியிலே நொத்தார்பர்த்தோலோ என்று ஒரு ஸ்டேசன் வருகிறதல்லவா? அவர்தான். நீதிபதி பல்கோனேயின் நினைவாகக் கடிதங்களும் படங்களும் ஒட்டப்பட்ட மரம் நிற்கும் தெருவுக்கும் அவருடைய பெயர்தான். வேலைக்குப் போய்வந்த காலத்திலே அந்தப் பெயரைத் தினமும் கேட்ட நான், பிறகு இஞ்சையுள்ள பெரியவர்களிடம் விசாரித்தும் வாசித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

எமனுவேலே நொத்தார்பர்த்தோலோ 1834இல் பலெர்மோவிலே ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். 1860இல் கரிபால்டியின் படையிலே சேர்ந்து சண்டை பிடித்தவர். 1873இல் இந்த நகரத்தின் மேயராக வந்தார். நாங்கள் வெளியே நின்று படம் எடுக்கிற தியாத்ரோ மாசிமோவுக்கு 1875இல் அடிக்கல் வைத்தது அவருடைய காலத்திலேதான். ஆனால் மேயராக அவர் பெயரெடுத்தது அதற்காக மட்டுமல்ல. சுங்கத் தீர்வையில் நடந்த ஊழலை எதிர்த்து நின்றவர் என்றும் அவரைச் சொல்வார்கள்.

1876இல் பாங்கோ தி சிசிலியாவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அது சாதாரண வங்கி அல்ல. அந்த நாளிலே இத்தாலியில் காசுத்தாள் வெளியிடும் உரிமை பெற்றிருந்த ஒரு சில வங்கிகளில் ஒன்று. அதாவது பொதுச் சொத்து. அவர் போய்ப் பார்த்தபோது அது விழுகிற நிலையில் இருந்தது. கணக்கைத் திருத்தி, கடனை இறுக்கி, அதை நிமிர்த்தி எடுத்தார்.

அங்கேதான் முதலாவது மணி கேட்டது. வங்கியின் நிர்வாக சபையிலே இருந்தவர்களில் அதிகமானோர் வங்கி வேலை தெரிந்தவர்கள் அல்ல, அரசியல்காரர். கடன் கொடுக்கிற கையும் கடனாலே பயனடைகிற கையும் ஒரே பக்கத்திலே இருந்தன. அந்தச் சபையிலே ரபாயேலே பலித்சோலோ என்ற அரசியல்வாதியும் இருந்தார். அவருக்கும் நொத்தார்பர்த்தோலோவுக்கும் ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. இடையிலே 1882இல் நொத்தார்பர்த்தோலோவைக் கொள்ளைக்காரர் கடத்திக்கொண்டு போய், பணம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

இரண்டாவது மணி 1889இல் அடித்தது. வங்கிக்குள்ளே நடப்பதையெல்லாம் எழுதி, ரோமாபுரியிலே இருந்த அமைச்சருக்கு இரகசிய அறிக்கை அனுப்பினார். அந்தக் கடதாசிகள் அமைச்சிலிருந்தே களவு போயின. போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமோ? பலெர்மோவிலே, அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் இருந்த அதே நிர்வாக சபை! முறைப்பாடு செய்தவரின் கடிதம் முறைப்பாட்டுக்கு ஆளானவரின் கைக்குப் போகுமென்றால், அந்தக் கந்தோரின் கூரையிலே ஓட்டை பெரிதாகி விட்டது என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது மணி 1890இல். களவைக் காட்டியவர் வேலையால் நிறுத்தப்பட்டார். அதற்குப் பிறகு வங்கிப் பணம் வேறு ஆட்களின் பெயரிலே ஒரு கப்பல் கம்பனியின் பங்குகளில் போடப்பட்டது. பெயர் ஒன்று, ஆள் வேறு. அது நாலாவது மணி.

1893 தொடக்கத்திலே பாங்கா ரோமானாவின் ஊழல் வெளிவந்து நாடே கொந்தளித்தது. எல்லா வங்கிகளின் கணக்கையும் அரசு பார்க்கத் தொடங்கியது. நொத்தார்பர்த்தோலோ திரும்பவும் வங்கிக்கு வரப்போகிறார் என்று கதை அடிபட்டது. 1893 பெப்ரவரி 1ஆம் திகதி, தன்னுடைய தோட்டத்துக்குப் போனவர் பலெர்மோவுக்குத் திரும்ப ரயில் ஏறினார். தெர்மினி இமெரெசேக்கும் திராபியாவுக்கும் இடையிலே, ரயில் பெட்டிக்குள்ளேயே 27 தரம் குத்திக் கொன்று, உடலை வெளியே தள்ளிவிட்டார்கள். அவர் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு வந்து சேரவில்லை.

கடற்படை அதிகாரியாக இருந்த மகன் லியோபோல்தோ விட்டுவிடவில்லை. 1899இல் மிலானோவில் வழக்கு நடந்தபோது, அப்போது எம்.பி.யாக இருந்த பலித்சோலோவின் பெயரை மன்றிலே பகிரங்கமாகச் சொன்னார். 1902இல் பொலோஞ்ஞா நீதிமன்றம் பலித்சோலோவுக்கு 30 வருசச் சிறை விதித்தது. மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 1904இல் பிரென்சே நகரில் சாட்சியம் போதாதென்று அவரை விடுவித்தார்கள். அந்தக் கொலைக்காக ஒருவருமே கடைசியிலே குற்றவாளி என்று தீர்க்கப்படவில்லை.

இதையெல்லாம் எங்களுக்கு ஏன் சொல்கிறேன்? ஊரிலே நாங்கள் பார்க்காத கந்தோரா! என்னுடைய தகப்பனாரின் பென்சன் பைல் ஒரு கந்தோரிலே இரண்டு வருசம் காணாமற் போயிருந்தது. ஒரு உறை கைமாறின மறுகிழமை அகப்பட்டது. அதைச் "சந்தோசம்" என்று சொன்னார்கள். இலஞ்சத்துக்கு வேறு பெயர் வைக்கிறதும் ஒரு மணியோசைதான்.

இன்றைக்கு எங்கட பிள்ளையள் இஞ்சையே படித்து, இந்த நாட்டுக் கந்தோர்களுக்கு வேலைக்குப் போகிற காலம் வந்திருக்கிறது. அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கோ. வாசிக்காமல் கையெழுத்துப் போடச் சொன்னால், இன்னாருக்கு மட்டும் வரிசை இல்லை என்றால், இரகசியக் கடிதம் வெளியே கதைபட்டால், கேள்வி கேட்டவரைத் திடீரென்று இடம் மாற்றினால், அது சின்ன விசயமென்று விடாதேங்கோ. திகதியோடு எழுதி வையுங்கோ. பிரதி ஒன்று வேறிடத்தில் வையுங்கோ. தனியே நில்லாமல் நம்பிக்கையான இரண்டு பேருக்காவது சொல்லுங்கோ. நொத்தார்பர்த்தோலோ அனுப்பின அறிக்கை போய்ச் சேர்ந்த இடத்தை நினைத்தால், இந்தப் புத்தியின் அருமை விளங்கும்.

எங்கட கோயில், பள்ளிக்கூடம், சங்கக் கணக்குகளுக்கும் இதே கதைதான். புத்தாண்டிலே கைவிசேடம் கொடுக்கிறோம். அதை எல்லோருக்கும் முன்னாலே, விளக்குக்கு முன்னாலே கொடுக்கிறோம். பொதுப் பணமும் அப்படியே எல்லோரும் பார்க்கக் கைமாற வேண்டும். இந்தச் சித்திரையிலே புதுக் கணக்குக் கொப்பி திறக்கிறவர்கள், பழைய கொப்பியையும் ஒருக்கால் சபையிலே வாசித்துக் காட்டினால் நல்லது.